1973 என்று நீங்கள் சொன்னது உண்மைதான், டீச்சர்

பெருமதிப்பிற்குரிய பி.டி. டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பழைய மாணவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை என்னோடு படித்தவர்கள் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இக்கடிதத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறேன். உங்களை அறிந்த யாரேனும் இதை உங்களிடம் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். 1997ஆம் ஆண்டு, காரைக்குடிக்குப் பக்கத்தில் நீங்கள் வேலை பார்த்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளில் உங்களிடம் கிரிக்கெட்டில் பந்தைச் சுழலவிடும் லெக் ஸ்பின் கற்றுக்கொண்ட பெண் நான்.

ஊருணிக் கரையை ஒட்டிய செம்மண் பொட்டலில் பயிற்சி முடிந்து ஒருநாள் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கிரிக்கெட்டில் உலகக் கோப்பை என்ற ஒன்றை முதலில் ஆடியவர்கள் பெண்கள்தான் என்றும், அது 1973இல் இங்கிலாந்தில் நடந்தது என்றும், ஆண்களுக்கு 1975இல்தான் அந்த வாய்ப்பு வந்தது என்றும் சொன்னீர்கள். நாங்கள் எதிரே தலையாட்டினோம். நீங்கள் நகர்ந்ததும் சிரித்தோம். பந்து காலில் பட்டு அழுத பெண்களைத் தேற்றுவதற்காக டீச்சர் கட்டிய கதை என்றுதான் நினைத்தோம். பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் படித்தபோது நீங்கள் சொன்ன ஆண்டில்கூடப் பிழை இல்லை என்று தெரிந்தது. இங்கிலாந்து அணித்தலைவி ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் முன்னின்று நடத்த, ஜாக் ஹேவர்டு என்ற செல்வந்தர் 40,000 பவுண்டு கொடுத்து உதவ, ஏழு அணிகள் ஆடிய அந்தப் போட்டியில் இங்கிலாந்து வென்றிருக்கிறது. இணையமோ நூலகமோ கைக்கெட்டாத அந்த நாளில் இதையெல்லாம் நீங்கள் எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்பது இன்றுவரை எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அடுத்துச் சொல்லப்போவதற்காகத்தான் இக்கடிதத்தையே எழுதுகிறேன். அந்த ஆண்டு பெரிய கார்த்திகைக்கு முன்பாக, பெண் பிள்ளைகள் பொட்டலில் ஓடி ஆடுவதை நிறுத்த வேண்டும் என்று பெற்றோர் சிலர் பள்ளியில் ஒரு தாளை எழுதிக் கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் அப்பச்சி என்று நான் அழைக்கும் என் அப்பாவும் ஒருவர். தலைமையாசிரியர் அறைக்கு எங்களை அழைத்து, விளையாட விருப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்டபோது, நீங்கள் கதவருகே நின்றுகொண்டிருந்தீர்கள். பதினொரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது ஸ்டம்புகள் அறைக்குள் போய்விட்டன. மறு ஆண்டு நீங்களும் போய்விட்டீர்கள். அன்று நான் "விருப்பம் இருக்கிறது" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும், டீச்சர். சொல்லாமல் போனதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று எங்களில் யாருக்கும் தெரியாத இன்னொன்று உண்டு. பெரிய கார்த்திகைக்கும் பிள்ளையார் நோன்புக்கும் இடைப்பட்ட அந்த மூன்று வாரங்களில்தான், நம் நாட்டிலேயே, பதினொரு நாடுகள் ஆடிய பெண்கள் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 16ஆம் தேதி மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ரன் எடுத்தார். ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் ஆணோ பெண்ணோ எடுத்த முதல் இரட்டைச் சதம் அது. ஆண்கள் ஆட்டத்தில் அப்படி ஒன்றைக் காண 2010இல் டெண்டுல்கர் ஆடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 24ஆம் தேதி டெல்லியில் இந்தியா அரையிறுதியில் 19 ரன்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ், ஏறக்குறைய என் வயதுக்காரர், பதினான்கு வயதிலேயே அந்தப் போட்டிக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்று, இறுதி அணியில் இடம் கிடைக்காமல் நின்றிருந்தார். இவை அன்று எங்கள் காதுக்கு வந்திருந்தால் அந்த அறையில் யாரேனும் ஒருத்தி வாய் திறந்திருப்பாள் என்று நான் இப்போதும் நம்புகிறேன். ஆடியவர்களுக்குத் தைரியம் இல்லாமலா அந்தச் செய்தி நம் ஊருக்கு வரவில்லை? அதைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை. எங்கள் பொட்டலில் அதற்கென்று இருந்த ஒரே ஆள் நீங்கள், உங்களையும் நாங்கள் நம்பவில்லை.

அதன் பிறகு வந்த உலகக் கோப்பைகளை நான் ஒன்றுவிடாமல் பின்தொடர்ந்தேன். 2005இல் சென்சூரியனில் இந்தியா முதல்முறையாக இறுதிக்கு வந்து 98 ரன்னில் தோற்றது. 2013இல் சென்னைப் பெண் திருஷ் காமினி மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதம் அடித்து, உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனபோது, உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, முகவரி இல்லை. 2017இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒன்பதே ரன்னில் கோப்பை கைநழுவிய இரவு நான் அழுதேன்.

பிறகு 2025 வந்தது. செப்டம்பர் 30இலிருந்து நவம்பர் 2 வரை இந்தியாவிலும் கொழும்பிலும் எட்டு அணிகள் ஆடின. லீக் சுற்றில் இந்தியா தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. அரையிறுதியில் எதிரே நின்றது, 2017இல் நம்மிடம் தோற்ற பிறகு ஒருநாள் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா. அவர்கள் 338 ரன் எடுத்தார்கள். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கை அதுவரை எவரும் துரத்திப் பிடித்ததில்லை. லீக் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கு அணியிலிருந்தே நீக்கப்பட்டிருந்த ஜெமைமா ரோட்ரிக்ஸ் மூன்றாவதாக இறங்கி, கடைசிவரை நின்று, ஆட்டமிழக்காமல் 127 எடுத்து, ஒன்பது பந்துகள் மீதமிருக்கும்போதே வென்று கொடுத்தார். ரன் எடுக்கும் இடத்தைப் பார்த்து அடி, பலத்தை நம்பி அடிக்காதே என்று நீங்கள் எங்களிடம் ஓயாமல் சொன்னதை, அந்த ஆட்டம் முழுவதும் அவர் செய்துகாட்டினார்.

இறுதிப் போட்டியன்று நவி மும்பையில் மழையால் ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகியது. எங்கள் வீட்டில் பட்டாலையில் தொலைக்காட்சி. வளவில் ஐப்பசித் தூறல். 78 வயதான அப்பச்சி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். முதலில் அறிவிக்கப்பட்ட அணியிலேயே இல்லாமல், காயம்பட்ட பிரதிகா ராவலுக்குப் பதிலாக வந்த ஷஃபாலி வர்மா 87 ரன் எடுத்ததோடு இரண்டு விக்கெட்டும் எடுத்தார். தென்னாப்பிரிக்கத் தலைவி லாரா வோல்வார்ட் சதம் அடித்து நின்றவரை எங்களுக்கு மூச்சு வரவில்லை. அமன்ஜோத் கௌர் அவர் கொடுத்த கேட்சை இரண்டு முறை தட்டுத்தடுமாறி மூன்றாவதில் பிடித்தபோது அப்பச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுக்க, 52 ரன்னில் இந்தியா வென்றது. நள்ளிரவு ஆகியிருந்தது.

வென்ற பிறகு அந்தப் பெண்கள், தங்களுக்கு முன் ஆடிக் கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்ற மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி, அஞ்சும் சோப்ரா ஆகியோரைத் தேடி வந்து, கோப்பையை அவர்கள் கைகளில் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பச்சி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டீச்சர் இப்ப எங்க இருக்காக?" என்று கேட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் உங்களைப் பற்றிய பேச்சு வந்தது அப்போதுதான். எனக்குத் தெரியாது என்றேன். "விசாரிச்சு ஒரு கடுதாசி போடு" என்றார். கையெழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு அதே பொட்டலில் ஒன்பது பெண் பிள்ளைகள் வருகிறார்கள். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் மதுரையின் கமலினி, 2025இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார் என்பது அவர்களில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. கார்க் பந்தை நிறுத்திவிட்டு, பெண்கள் ஆட்டத்துக்கு உரிய, 140 முதல் 151 கிராம் வரை எடையுள்ள தோல் பந்தை வாங்கியிருக்கிறேன். சிறிய கைகளுக்கு அது அடங்குகிறது. லெக் ஸ்பின்னுக்கு விரல் பிடிக்கும் முறையை என்னால் காட்ட முடிகிறது. ஆனால் பந்தை விடும்போது மணிக்கட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்று நீங்கள் என் கையைப் பிடித்துக் காட்டியதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குப் பந்து நன்றாகத் திரும்புகிறது, ஆனால் நான்கில் மூன்று பந்து காலுக்கு வெளியே போய்விடுகிறது. அவளை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உங்கள் கைக்காசில் வாங்கிய மட்டை எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில்தான் இருக்கிறது. நீங்கள் போன அன்று அதை நான் எடுத்து வந்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிடியில் இருந்த ரப்பர் நைந்துவிட்டதால் புதிதாகப் போட்டிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி ஊருணிக்கு வழி கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களைப் பொட்டலில் பார்க்கலாம். மற்ற நாட்களில் என்றால் வீட்டு முகப்பில் அப்பச்சி இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி