புது கம்ப்யூட்டருக்கு அவசரமில்லை

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள ராமு,

உன் மெயில் பார்த்தேன். பேத்தி காதுகுத்துக்கு நாங்கள் வர முடியாமல் போனதில் சரோஜாவுக்கு இன்னும் மனக்குறைதான். தை மாதம் கல்யாணத்துக்கு நீங்கள் எல்லோரும் வரும்போது நம் வீட்டில்தான் தங்க வேண்டுமாம், உத்தரவு. இங்கே லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம்.

சரி, உன் கம்ப்யூட்டர் விஷயம். ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் வேறென்ன சொல்வார்? எது முட்டுகிறது என்று பார்க்காமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்காதே.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். சிபியூ (கணக்குப் போடும் சிப்), மெமரி, டிஸ்க் என்று மேலே சதவீதம் ஓடும். மெஷின் திணறும் நேரத்தில் எது நூறை ஒட்டி நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. அந்தத் தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். பழைய மெஷினில் பெரும்பாலும் டிஸ்க்தான் மாட்டும்.

அங்கேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் கூப்பிடாமலே கம்ப்யூட்டரோடு எழுந்து உட்காருகிற கூட்டம் அது. பிரிண்டர்காரன் போட்டது, எப்போதோ ஒரு மீட்டிங்குக்கு இறக்கியது, அப்டேட் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். எதிரே 'ஹை' என்று போட்டிருப்பவற்றில் உனக்குத் தேவையில்லாததை டிசேபிள் செய். ஆன்டிவைரஸில் மட்டும் கை வைக்காதே. டிசேபிள் என்றால் அழிப்பதல்ல. வேண்டும்போது நீயே திறந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்து காசில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான்.

அப்புறம் ஒன்று. தினமும் ஷட்டவுன் செய்கிறேன் என்கிறாயே, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருந்தால் அது முழு ஷட்டவுன் ஆகாது. சிஸ்டத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். பழைய சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை கொடு.

திரையில் விண்டோக்கள் மெல்லத் திறந்து மூடும் அலங்காரங்களை அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் நிறுத்தலாம். எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்கும் டிக்கை மட்டும் எடுக்காதே. எடுத்தால் எழுத்து கரடுமுரடாகத் தெரிந்து உன் கண்ணுக்குத்தான் சிரமம். மெமரி போதாதபோது டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை மெமரிபோல் பயன்படுத்துவதுதான் விர்ச்சுவல் மெமரி. அதை அணைக்கச் சொன்ன மாப்பிள்ளை பேச்சைக் கேட்காதே. ராம் (டாஸ்க் மேனேஜரில் மெமரி என்று வருவது) குறைவான மெஷினில் அதை அணைத்தால், நாலு டேப் திறந்ததும் பிரவுசர் படுத்துவிடும். அதை விண்டோஸ் பொறுப்பிலேயே விடு. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் செட்டிங்குகளைக் குறித்து வைக்கும் இடம்) சுத்தம் செய்து வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் இலவச சாமான் எதையும் உள்ளே விடாதே.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் நூறிலேயே நின்றால் செட்டிங்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்குச் சுமார் 100 முறைதான் எட்டி எடுக்க முடியும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஆயிரக்கணக்கில் எடுக்கும், அதை மாற்றிப் போடலாம். மெமரிதான் நிரம்புகிறது என்றால் ராம் கூட்டலாம். இரண்டுமே புது மெஷின் விலையில் ஒரு பங்குதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் (பாதுகாப்பு அப்டேட் தருவது) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உன் மெஷின் 11-ஐ ஏற்குமா என்று பார்க்க வேண்டும். இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை அது சேர்த்துக்கொள்வதில்லை.

தைக்கு வரும்போது சிபியூ பெட்டியையும் காரில் போட்டுக்கொண்டு வா. உள்ளே ஃபேனில் தூசி அடைந்திருந்தால் சூடேறி, சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை இங்கே ஊதிவிடலாம். கல்யாணத்துக்கு மறுநாள் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போவோம். அதற்குள் டாஸ்க் மேனேஜரில் மெமரி எத்தனை ஜிபி, டிஸ்க் எந்த வகை என்று பார்த்து எழுது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கும். போட்டோக்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி வை.

கோமதிக்கு முட்டி வலி இப்போது எப்படி?

அன்புடன்,
சீனு