லைட்டு எரியுது, ஆனா பொய் சொல்லுது: ரெக்கார்டு பிளேயர் விளக்கு பத்தி ஆறாவது புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு அனுப்புற ஆறாவது மெயில். முன்னாடி அனுப்புன அஞ்சுல ஒண்ணு தவிர மத்ததுக்கெல்லாம் "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி"ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு. நான் கருத்து சொல்லலைங்க, புகார் சொன்னேன். இந்த தடவையாவது மனுஷங்க யாராவது உக்காந்து முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

பொருள்: வளையிற கழுத்து வெச்ச உங்க டர்ன்டேபிள் லைட்டு, அதான் ஸ்ட்ரோப் பட்டனும் (அமுக்குனா லைட்டு வேகமா விட்டு விட்டு மின்னும்) கூடவே கோடு போட்ட ஒரு வட்ட அட்டையும் வர்ற மாடல். நான் என்ன சொல்றேன்னு உங்களுக்கே தெரியும், நீங்க செஞ்ச பொருள்தானே.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். வெளிச்சம் அருமை. கழுத்த தாழ்த்தி ரெக்கார்டுக்கு பக்கவாட்டுல படுற மாதிரி வெச்சா பள்ளமெல்லாம் அவ்வளவு தெளிவா தெரியுது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த வழுவழுப்பான இடைவெளி பளிச்னு மின்னுது, ஊசிய கரெக்டா அதுல இறக்கலாம். சூடும் இல்ல. முன்ன நான் ஒரு பழைய டேபிள் லேம்ப்ப பக்கத்துல வெச்சுத்தான் பாப்பேன், அந்த சூட்டுல ஒரு ரெக்கார்டு அப்பளம் மாதிரி வளைஞ்சே போச்சு. அதனாலதான் உங்க லைட்டு வாங்குனேன், வாங்குன மொத வாரம் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், இப்ப அவங்க மூஞ்சிலயே முழிக்க முடியல.

பிரச்சனை ஸ்ட்ரோப்ல. ரெக்கார்டு வைக்கற தட்டு சரியா நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்துதான்னு பாக்கத்தான் ஸ்ட்ரோப். முன்னல்லாம் ரூம்ல எரியிற குண்டு பல்ப் வெளிச்சமே போதும், கரண்ட்டோட சேந்து அதுவும் செகண்டுக்கு 100 தடவை லேசா துடிக்கும், கோடு போட்ட அட்டைய சுத்துற தட்டு மேல வெச்சு, கோடு நின்னு தெரிஞ்சா வேகம் சரி. இப்ப வீட்ல எல்லாமே எல்இடி ஆயிடுச்சு, நல்ல எல்இடி துடிக்கறதே இல்ல, அட்டைய வெச்சா வெறும் சாம்பல் கலர் வட்டம்தான் தெரியுது. சில பிளேயர்ல இதெல்லாம் கூடவே வரும், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 1979லயே தட்டு ஓரத்துல புள்ளிங்க, அதுக்கு ஸ்ட்ரோப் லைட்டு, ஊசிக்குன்னு தனியா எந்திரிச்சு நிக்கிற குட்டி விளக்குன்னு எல்லாத்தோடயும் வந்துச்சு. என்னோடது மோட்டார் பெல்ட் போட்டு தட்ட சுத்துற சாதாரண வண்டி, ஒண்ணும் கிடையாது. அதனால நீங்க டப்பா மேல "குவார்ட்ஸ் துல்லியம்"னு போட்டிருந்தத நம்புனேன். நம்பிட்டேங்க.

லைட்ட 50ல வெச்சு (நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அந்த பல்ப் மாதிரியே செகண்டுக்கு 100 தடவை மின்னணும்), அட்டையில 50ன்னு போட்டிருக்கற 180 கோடு வளையத்த பாத்தேன். கோடு நிக்கல, மெதுவா பின்னாடி நகந்துச்சு, எண்ணிப் பாத்தேன், செகண்டுக்கு ரெண்டு கோடு. சரி தட்டு ஸ்லோ போல, பெல்ட் தொய்ஞ்சிருக்கும்னு புது பெல்ட் வாங்கி போட்டேன். அப்பவும் ரெண்டு கோடு. மோட்டார் தண்டுல எண்ணெய் விட்டேன். ரெண்டு கோடு. கடைசில பிளேயர கவுத்து போட்டு, மோட்டார் அடியில சின்ன ஓட்டைக்குள்ள இருக்கற வேகம் மாத்துற ஸ்குரூவ கால் சுத்து கூட இல்ல, ஒரு மயிரிழை திருப்புனேன், கோடு அப்படியே சிலை மாதிரி நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, அத நெனச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

ஏன்னா தப்பு தட்டுல இல்ல, உங்க லைட்டுல.

மூணு மாசம் கழிச்சு எப்படி கண்டுபிடிச்சேன்னு சொல்றேன். அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், கீபோர்டு கத்துக்கறான், ரெக்கார்டு ஓடும்போது கூடவே வாசிச்சு பாத்துட்டு "மாமா, எந்த கட்டைய அழுத்துனாலும் சேர மாட்டேங்குது, நடுவுல நிக்குது"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் கீபோர்டு டியூனிங் போயிருச்சுடா, மூடி வை"ன்னு கத்துனேன். பத்து வயசு பையன், மூஞ்சி சுண்டிப்போச்சு. அவன் போனப்புறம்தான் மனசு கேக்காம மொபைல்ல ஸ்பீடு பாக்குற ஆப் ஒண்ணு போட்டு போன தட்டு மேல வெச்சு சுத்த விட்டேன். 34.0ன்னு காட்டுச்சு. நம்பாம ஸ்டோர் ரூம்ல கெடந்த இழை போட்ட சின்ன பல்ப்ப மாட்டி, ரூம இருட்டாக்கி அதே அட்டைய வெச்சேன். மங்கலாத்தான் தெரிஞ்சுது, ஆனா தெரிஞ்சுது: கோடு முன்பக்கம் ஓடுது, செகண்டுக்கு ரெண்டு. உங்க லைட்ட போட்டா நிக்குது, பல்ப்ப போட்டா ஓடுது.

கணக்கு பெரிய விஷயமே இல்லைங்க. நிமிஷத்துக்கு 34 சுத்து, சுத்துக்கு 180 கோடுன்னா செகண்டுக்கு 102 கோடு தாண்டும். அது நின்னு தெரியணும்னா உங்க லைட்டு 102 தடவை மின்னணும். 100 மின்ன வேண்டியது 102 மின்னுது, 2 சதவீதம் தப்பு. குவார்ட்ஸ் வாட்ச் 2 சதவீதம் தப்பா ஓடுனா ஒரே நாள்ல கிட்டத்தட்ட 29 நிமிஷம் முன்னாடி போயிரும், அப்படி ஒரு வாட்ச்ச யாராவது கையில கட்டுவாங்களா? உங்க லைட்டுக்குள்ள குவார்ட்ஸ் இருக்கவே இருக்காதுன்னு நான் நெனக்கிறேன், இருக்குன்னா தெறந்து காட்டுங்க.

2 சதவீதம்தானேன்னு உங்க ஆளு ஒருத்தர் சொன்னார். 20 நிமிஷம் ஓட வேண்டிய ஒரு பக்கம் 23, 24 செகண்டு முன்னாடியே முடிஞ்சிருது. சுருதி அரை ஸ்வரத்துல மூணுல ஒரு பங்கு ஏறிடுது, அதான் அந்த பையன் "நடுவுல நிக்குது"ன்னு சொன்னது, அவன் காது சரி, என் காதுதான் மூணு மாசத்துல கெட்டுப்போச்சு, இப்ப சரியான வேகத்துல கேட்டா பாடுறவங்களுக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு எனக்கு. என் மொத்த கலெக்‌ஷனையும் தப்பான சுருதியில ஒரு ரவுண்டு கேட்டு முடிச்சிட்டேன். இத யார் திருப்பி தருவாங்க, சொல்லுங்க.

இப்ப அந்த போன் கால் பத்தி. நேர்ல பாத்தா கூட மறப்பேன், அந்த குரல மறக்க மாட்டேன். 25 நிமிஷம் லைன்ல வெச்சு அந்த டிங் டாங் மியூசிக்க கேக்க வெச்சீங்க (அதுவாவது சரியான வேகத்துல ஓடுச்சான்னு தெரியல). அப்புறம் ஒருத்தர் எடுத்தார். நான் பொறுமையா ஆரம்பிச்சேன், ஸ்ட்ரோப்ல அலைவெண் தப்பா வருதுங்கன்னு. அவர், "சார், லைட்டு எரியுதா எரியலையா?" எரியுதுங்க, ஆனான்னு இழுத்தேன். "சார் நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, எரியுதா எரியலையா?" எரியுதுன்னேன். "அப்ப என்ன சார் பிரச்சனை, எரியிற லைட்ட மாத்தித் தர முடியாது"ன்னார். ஸ்ட்ரோப்னா என்னன்னு தெரியுமான்னு கேட்டேன். "கல்யாணத்துல டிஜே போடுவாங்களே அதானே, அதுக்கு இது செட் ஆகாது சார்"ன்னார். உங்க சொந்த பொருளுங்க அது! நான் வாய மூடிட்டேன், என்ன சொல்றதுன்னே தெரியல. அப்ப அவர் பக்கத்து சீட்டு ஆள்கிட்ட சொல்றது தெளிவா காதுல விழுந்துச்சு, "ரெக்கார்டு கேக்குற தாத்தாடா"ன்னு. சிரிப்பு சத்தம். கட். எனக்கு 41 வயசுங்க.

சரி, அத விடுங்க. விட முடியல, ஆனா விடுறேன்.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், இரைச்சல். உங்க அடாப்டர பிளக்குல போட்டு லைட்டு கழுத்த ஊசி பக்கம் கொண்டு போனா ஸ்பீக்கர்ல ஜிஜிஜின்னு வண்டு கத்துற மாதிரி ஒரு சத்தம். ஊசி மாட்டியிருக்கற கார்ட்ரிட்ஜ்லேருந்து வர்றதே அஞ்சாறு மில்லிவோல்ட்டு கூட இல்ல, அத ஃபோனோ ஸ்டேஜ்னு ஒரு ஆம்ப்ளிஃபையர் நூறு மடங்கு பெருசாக்குது, பக்கத்துல மலிவான அடாப்டர் ஒயர் வந்தா அந்த குப்பையும் நூறு மடங்கு ஆகும்னு ரெக்கார்டு பிளேயருக்குன்னே சாமான் செய்யிற கம்பெனிக்கு தெரியாம இருக்காது. மெயில் போட்டதுக்கு பவர்பேங்க்ல போடுங்கன்னு பதில் வந்துச்சு. போட்டேன், சத்தம் இல்ல, உண்மைதான். ஆனா இந்த குட்டி லைட்டு இழுக்கற கரண்ட்டு பத்தாம பவர்பேங்க் எதுவுமே மாட்டலன்னு நெனச்சு தானே ஆஃப் ஆயிருது. ஊசிய இறக்க கையில புடிச்சிருக்கேன், இருட்டு. இத டெஸ்ட் பண்ணிட்டுத்தான் எழுதுனாங்களா அந்த பதில?

சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவை போனேன். மொத தடவை டப்பா இல்லாம எடுக்க மாட்டோம்னாங்க. ரெண்டாவது டப்பாவோட போனேன், பட்டன அமுக்குனாங்க, லைட்டு எரிஞ்சுது, "நன்றாக வேலை செய்கிறது"ன்னு ஜாப் ஷீட்டுல எழுதி சீல் குத்தி குடுத்துட்டாங்க. சுத்துற தட்டு இல்லாம ஸ்ட்ரோப்ப எப்படி டெஸ்ட் பண்ணீங்கன்னு கேட்டேன், "அப்ப உங்க பிளேயர கொண்டாங்க"ன்னு கவுன்டர்ல இருந்தவர் சொன்னார். அவர்தான் சொன்னார், நானா கெளம்பல.

மூணாவது தடவை கொண்டு போனேன். ரெக்கார்டு பிளேயர வெளிய தூக்கிட்டு போறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? தட்ட கழட்டி, பெல்ட்ட கழட்டி, ஊசிய தாங்குற கை, அதான் டோன்ஆர்ம், அது பின்னாடி இருக்கற வெயிட்ட கழட்டி, ஆர்ம்ம நூல் போட்டு கட்டி, எல்லாத்தையும் துணியில சுத்தி, கைக்கொழந்தை மாதிரி மடியில வெச்சு ஒண்ணேகால் மணி நேரம் போனேன். போய் சேந்தா டெக்னீசியன் லீவாம். முந்தின நாள் போன் பண்ணி கேட்டுட்டுத்தான் கெளம்புனேன், "வாங்க சார் இருப்பார்"னாங்க. அந்த கவுன்டர்ல, என் பிளேயர் மேலயே, யாரோ டீ கப்ப வெச்சாங்க. ஆமா, டீ கப். எடுங்கன்னேன், எடுத்தாங்க, வட்டமா கறை. வீட்டுக்கு வந்து தட்ட மாட்டி வெயிட்ட திருப்பி பேலன்ஸ் பண்ணி பாத்தா ஊசி தண்டு லேசா ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. போகும்போது சாஞ்சுதா வரும்போது சாஞ்சுதான்னு சத்தியமா தெரியல, ஆனா உங்க லைட்டு ஒழுங்கா மின்னியிருந்தா அந்த பிளேயர் வீட்ட விட்டே வெளிய போயிருக்காது. அதனால அந்த ஊசியும் உங்க கணக்குதான்.

நான் சண்டை போடுற ஆள் இல்லைங்க, நெசமா. உங்க கம்பெனில இந்த லைட்ட வடிவமைச்ச யாரோ ஒருத்தர் ரெக்கார்டு கேக்குறவரா இருக்கணும், இல்லன்னா அந்த கழுத்துக்கு அந்த உயரம் அவ்வளவு சரியா அமைஞ்சிருக்காது, டஸ்ட் கவர கூட இடிக்காம மடங்குது. அவர்கிட்ட இந்த மெயில காட்டுங்க. 180 கோடு, 102ன்னு பாத்த ஒடனே அவருக்கு புரிஞ்சிரும், ஒரு நிமிஷம் கூட ஆகாது.

எனக்கு வேண்டியது: ஒழுங்கா 100 மின்னுற லைட்டு, இல்ல முழு பணம் வாபஸ். கூடவே புது பெல்ட், ஊசி ரெண்டுக்கும் ஆன செலவு, பில் ரெண்டும் இணைச்சிருக்கேன். அந்த "நன்றாக வேலை செய்கிறது" ஜாப் ஷீட்ட கேன்சல் பண்ணி எழுத்துல குடுக்கணும். இதே லாட்டுல வாங்குன மத்தவங்களுக்கும் நீங்களே தெரியப்படுத்தணும், இப்ப எத்தனை பேரு வீட்ல ஸ்குரூவ திருப்பிட்டு உக்காந்திருக்காங்களோ.

15 நாள் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடுவேன், வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், ஒரே தட்டு, ஒரே அட்டை, உங்க லைட்டு ஒரு பக்கம் பல்ப் ஒரு பக்கம், அத வாங்குன எடத்துல ரிவ்யூலயும் போடுவேன். இத மெரட்டல்னு எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவால்ல.

தயவுசெஞ்சு சீக்கிரம் பாருங்க, நன்றி.

இப்படிக்கு,
உங்க விளக்க நம்பி ஸ்குரூவ திருப்புன வாடிக்கையாளர்

பி.கு: அக்கா பையன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். "அப்ப லைட்டுதான் ஸ்ருதி சேரலையா மாமா"ன்னு கேட்டான்.

பி.கு 2: திருப்பி கூப்பிடுறதா இருந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க. அந்த "எரியுதா எரியலையா" ஆள் மட்டும் வேணாம்.