அப்பத்தாவின் ஊர்

அன்பு மகளுக்கு,

ரங்கூனிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். சிங்கப்பூரில் யோக சூத்திர வகுப்பில் சேர்ந்திருப்பதாக நீ போனில் சொன்னபோது மனம் நிறைந்தது. ஆனால், "நினைவும் அடக்க வேண்டிய விருத்திதான், மனத்தின் ஓர் அசைவுதான் என்கிறார்களே, அப்படியானால் உங்களையெல்லாம் மறப்பதுதான் யோகமா அப்பா?" என்று நீ கேட்டதற்கு எனக்கு அன்று விடை சொல்ல வரவில்லை. ஒரு வாரமாக, யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையைப் புரட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

பிரமாணம் (சரியான அறிவு), விபரியயம் (தவறான அறிவு), விகற்பம் (சொல்லால் மட்டும் எழும் எண்ணம்), நித்திரை, ஸ்மிருதி (நினைவு) என்று சூத்திரங்களை இயற்றிய பதஞ்சலி சித்த விருத்திகளை ஐந்தாக எண்ணுகிறார். முதல் பாதத்தின் 11ஆம் சூத்திரம் நினைவைப் பற்றியது. அனுபவித்த பொருள் 'அசம்பிரமோஷமாக', அதாவது களவு போகாமல், இருப்பதே நினைவு என்பது அதன் பொருள். வியாசரின் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிச்சிரர் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்: அனுபவித்ததற்கு மேற்பட்ட ஒன்றையும் எடுத்துக்கொள்வதுதான் களவு, நினைவு அதைச் செய்வதில்லை.

இதைப் படித்ததும் உன் அப்பத்தாதான் கண்முன் வந்தார். இங்கே பர்மாவிலேயே பியாப்பொனில் பிறந்து, கடல் தாண்டாமலேயே கண்மூடியவர், சிவகங்கைப் பக்கத்து ஊருணியையும் அதன் படிக்கட்டையும் கரையில் நின்ற ஆலமரத்தையும் நேற்றுத்தான் குளித்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்ட சொற்கள் அவை. ஒருமுறை உறவினர் ஒருவர் அந்த ஊருணியைப் படம் பிடித்து அனுப்பினார். தண்ணீர் வற்றி, வெடித்த மண்ணில் இரண்டு ஆடுகள் நின்றன. அப்பத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது நம்ம ஊர் இல்லப்பா" என்று படத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவர் மனத்தில் இருந்தது ஸ்மிருதி அன்று, விகற்பம். சொல்லறிவைப் பின்தொடர்ந்து எழுவதும், அதற்கு நேரான பொருள் இல்லாததும் விகற்பம் என்கிறது 9ஆம் சூத்திரம். அதைப் பொய் என்று தள்ளிவிடாதே. கயிற்றைப் பாம்பென்று காணும் விபரியயம் விளக்கைக் கொண்டுவந்தால் நீங்கிவிடும். விகற்பமோ உண்மை தெரிந்த பின்னும் பேச்சில் புழங்கிக்கொண்டே இருக்கும். படம் வந்த பிறகும் அப்பத்தாவின் ஊருணியில் தண்ணீர் இருந்தது.

நம் எல்லோருக்கும் இந்தக் கலப்பு உண்டு. பசு என்ற சொல் வேறு, தொழுவத்தில் நிற்கும் பசு வேறு, மனத்தில் எழும் பசு என்ற அறிவு வேறு; ஆயினும் மூன்றையும் ஒன்றாகவே கொள்கிறோம் என்கிறார் வியாசர். தியானத்தில் அவ்வாறு கலந்து நிற்கும் நிலையை 42ஆம் சூத்திரம் சவிதர்க்கம் என்கிறது. அடுத்த சூத்திரத்தில்தான் உன் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே பதஞ்சலி கேட்பது ஸ்மிருதி நாசம் அன்று, ஸ்மிருதி பரிசுத்தி. சொல்லும் கேள்வியறிவும் ஏற்றிவைத்தவை நினைவிலிருந்து கழிந்தால் பொருள் மட்டுமே தோன்றும், அந்தக் கலப்பற்ற நிலையே நிர்விதர்க்கம். முடிவில் எல்லா விருத்திகளும் அடங்க வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அந்த அடக்கத்தை மறதி என்று எடுத்துக்கொள்வது தவறு. 20ஆம் சூத்திரத்தில் சிரத்தை (நம்பிக்கை), வீரியம் (ஊக்கம்), ஸ்மிருதி, சமாதி (மன ஒருமை), பிரஞ்ஞை (மெய்யறிவு) என்று வழிகளைச் சொல்லும்போது நினைவையும் அவரே சேர்த்திருக்கிறாரே.

இந்த ஐந்தும் உனக்குப் புதியவையும் அல்ல. நம் தெருவில் பர்மியர்கள் சொல்லக் கேட்டிருப்பாய். பௌத்தத்தில் ஐந்து இந்திரியங்கள் என்று சொல்லும் அக ஆற்றல்களும் (ஐம்புலன்கள் அல்ல) இவையேதான். ஸ்மிருதி என்பது பௌத்த நூல்களின் பாலி மொழியில் சதி. பர்மிய நாவில் ததி. உன் தோழிகளிடம் "ததியதெ" என்கிறாயே, உன்னை நினைக்கிறேன், நீ இல்லாமல் ஏங்குகிறேன் என்று, அதில் இருப்பதும் அதே ஸ்மிருதிதான். நீ சிறுமியாக இருந்தபோதிலிருந்து அச்சொல்லைக் கேட்டும் இத்தனை ஆண்டுகள் எனக்கு இது தோன்றவில்லை.

ஊருணிப் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'ஊர்' என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மண்ணையும் ஆடுகளையும் மட்டும் சிறிது நேரம் பார். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா