கால் போனதற்கு நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை

அன்புள்ள தம்பி,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பா இன்று பரவாயில்லை. காலையில் இட்லி இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதற்குச் சண்டை போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்றீங்களே, அப்பாவுக்கு நடந்ததுல ஸ்தோத்திரம் சொல்ல என்னம்மா இருக்கு?" என்றாய். அப்பா பக்கத்தில் படுத்திருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதோடு, நீ கோபமாக இருந்தால் எனக்கு வார்த்தை வராது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் கால் போனதற்கு நான் ஒரு நாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்ததற்கும் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் உண்டு. "துதிச்சுப் பாருங்க சிஸ்டர், அற்புதம் நடக்கும்" என்று ஒரு அம்மா வீட்டுக்கே வந்து சொன்னார். விசுவாசம் எங்கேயோ குறைகிறது என்றும் ஜாடையாகச் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன். எல்லாம் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். அப்புறம் வாயைத் திறந்து அவன்மேலேயே குற்றம் சொன்னார்கள், எல்லாம் கெட்டது.

புது வருஷத்துக்கு ஒரு வேத வசனம் எழுதிய அந்த வாக்குத்தத்த அட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 31 ராத்திரி வாட்ச்நைட் ஆராதனை முடிந்து வரிசையில் நின்று ஆளுக்கு ஒன்று எடுத்தோமே. அப்பாவுக்கு எரேமியா 30:17 வந்தது: "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." அந்த வருஷம்தான் பாதத்துப் புண் ஆறாமல் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நீ அந்த அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னாய். அப்பா அதை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அது சிறைப்பட்டுப்போன சீயோனுக்கு எரேமியா மூலமா சொன்ன வார்த்தை. நாமதான் டோட்டோ லாட்டரிச் சீட்டு மாதிரி எடுத்து நம்ம நம்பர் விழுந்திடுச்சுன்னு நினைச்சுக்கிட்டோம். அதுக்காகச் சொன்னவரைப் பொய்க்காரர்னு சொல்ல முடியுமா?" என்றார். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்த மனுஷனுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கிற சிலரிடம் நான் இதைக் கேட்டதில்லை.

சரி, எதற்குத்தான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்? அதற்கு இங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ கடைசியாக வந்தபோது அப்பா டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மூன்று தடவை போய்க்கொண்டிருந்தார், தடவைக்கு நாலு மணி நேரம். இருதயம் பலவீனமானதால் பாதியிலேயே ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கச் சுருண்டு படுத்துக்கொள்வார். அதனால் டாக்டர் வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாற்றினார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. இரண்டு லிட்டர் மருந்துநீர்ப் பையைத் தொங்கவிட்டு உள்ளே இறக்க வேண்டும். சில மணி நேரம் அது வயிற்றிலேயே இருந்து அழுக்கையும் கூடுதல் நீரையும் இழுத்துக்கொள்ளும். பிறகு வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு அரை மணி நேரம்போல ஆகும். தாதி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சரியாகச் செய்துகாட்டிய பிறகுதான் வீட்டில் செய்ய விட்டார்கள்.

பை மாற்றும்போது ஜன்னல் கதவெல்லாம் சாத்த வேண்டும், ஃபேனும் ஏர்கானும் ஓடக்கூடாது. தூசி பறந்தால் கிருமி போய்விடும். முகக்கவசம் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகு எதையும் தொடாமல் குழாயை இணைக்க வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் மத்தியானப் பை மாற்றுகிற நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றும். "சூளையில மூணு பேரைப் போட்டாங்க, இங்க ரெண்டு பேருதான். நாலாவது ஆள் வர்றதுக்கு இடம் தாராளமா இருக்கு" என்பார் அப்பா. சூளைக்குள் அந்த மூன்று பேரோடு நாலாவதாக ஒருவர் உலாவினார் என்கிற தானியேல் புத்தகத்தை அவர் அப்படித்தான் படிக்கிறார். (ஆஸ்திரேலியாவில் நீ இருக்கிற பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் சொல்கிறேன், சாயங்காலம் 6 மணிக்கு போன் அடிக்காதே. கை கழுவியிருப்பேன், எடுக்க முடியாது.)

வடித்த நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் தொற்று, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வடித்த பையை அச்சடித்த தாளின் மேல் வைத்து எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நான் தமிழ் முரசு பேப்பரை வைத்துக்கொள்கிறேன். பை வழியாகத் தலைப்புச் செய்தி, அதற்குக் கீழே உள்ள சின்ன எழுத்து, எல்லாம் படிக்க முடிந்தால் தொற்று இல்லை. அப்போது என் வாயிலிருந்து தானாக வரும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று. நீ கேட்டாயே எதற்கு என்று, அதற்குத்தான். நாலு தடவையும் அதற்குத்தான். நாளைக்கும் தெளிவாக இருக்கும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்தப் பை தெளிவாக இருக்கிறது. இதற்கு நன்றி சொல்லாமல் எடுத்துக் கொட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் இருக்கிறது. மருந்துநீர்ப் பெட்டிகள் மாதம் ஒரு தடவை வரும், வீட்டுக்குள் இருக்கிற பாம் ஷெல்டர் அறை நிறைந்துவிடும். உன் பழைய சைக்கிளை அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. பெட்டி கொண்டுவருகிற சீனத் தம்பி அவற்றை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் பழைய பெட்டிகளை முன்னுக்கு இழுத்துவைத்து, தேதியைப் பார்த்துப் புதியதைப் பின்னால் அடுக்கிவிட்டுத்தான் போவார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் பேர் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது, ஜெபத்தில் "பெட்டித் தம்பி" என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா. ஞாயிற்றுக்கிழமை நான் தமிழ் ஆராதனைக்குப் போய்வரும் வரை வந்து உட்கார்ந்துகொள்கிறார். அப்பா பட்டறையில் கற்றுக்கொண்ட மலாய் இப்போதுதான் பயன்படுகிறது. இரண்டு பேரும் சூரியா டிவியில் மலாய் நாடகம் பார்க்கிறார்கள். நான் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால், அங்கே கதாநாயகியின் மாமியார் என்ன செய்தாள் என்று எனக்கு ஒரு பிரசங்கம் நடக்கும். ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருப்பதால்தான் நான் கோயிலுக்குப் போக முடிகிறது. இதையும் ஆண்டவரிடம் சொல்லத்தானே வேண்டும்?

அப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, காலையில் எடை எவ்வளவு, மஞ்சள் பையா பச்சைப் பையா, எல்லாம் பட்டறை லாக் புத்தகம் மாதிரி கோடு போட்டு எழுதுகிறார். பச்சையில் சர்க்கரை கூடுதல், நீரை அதிகம் இழுக்கும். ஆனால் அந்தச் சர்க்கரை உடம்பிலும் ஏறும் என்பதால் இன்சுலினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு, நாளைக்கு ஒரு லிட்டர். போதகர் வீட்டுக்கு வந்து இராப்போஜன அப்பமும் ரசமும் கொடுத்தபோது, அப்பா ஆமென் சொன்ன கையோடு, "பத்து மில்லி, எழுதிக்கோ" என்றார் என்னிடம். போதகர் சிரித்துவிட்டார். நோட்டில் அது இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

இப்படியெல்லாம் எழுதுவதால் நான் எப்போதும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. ராத்திரி தூங்காமல் கிடந்து, ஆண்டவரிடம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுது அழுது கடைசியில் ஒரு துதியில் வந்து நிற்கும். இது நிற்காது. சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே. அதை வாசிக்கிற ராத்திரியில் நான் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. சொல்லாததற்காக அவர் என்னை விட்டுப் போய்விட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. மனக்குறையையும் நன்றியையும் ஒரே ஆளிடம்தான் கொண்டுபோகிறேன். வேறு யாரிடம் போவேன்?

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று வந்து நின்றாய். அப்பாவின் இருதயம் அந்த அறுவை சிகிச்சையைத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ளவில்லை என்ற கோபத்தை யார்மேல் காட்டுவது? ஆண்டவர்மேல் காட்டுகிறாய். காட்டு, அவர் தாங்குவார். ஆனால் நீ விமானம் ஏறிப் போன அன்றைக்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "என் பிள்ளை தன் உடம்பைக் கீறிக் கொடுக்க வந்தான். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. அப்பா ஏசிபி செய்துவிட்டார், முன்கூட்டியே பராமரிப்புத் திட்டமிடுவது. மருத்துவமனையில் அதற்கென்று பயிற்சி பெற்றவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். வக்கீல் பத்திரம் எதுவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அப்பா சொன்னது இதுதான்: புத்தி தெளிவாக இருக்கிற வரைக்கும் பை மாற்றுவோம். நம்மை யாரென்று தெரியாத நிலை வந்து, மீளாது என்று டாக்டர்கள் சொன்னால் டயாலிசிஸை நிறுத்திவிட வேண்டும். இருதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி எழுப்பக்கூடாது. வலி, மூச்சுத்திணறல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் வீட்டிலேயே. அவருக்காகப் பேச வேண்டியவர் நான். எனக்கு அடுத்து உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

நிறுத்தினால் சில நாளிலோ ஒன்றிரண்டு வாரத்திலோ முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கலக்கம். உயிரை நாமே முடித்துக்கொள்வது ஆகாதா என்று போதகரிடம் கேட்டேன். உயிரை எடுப்பது வேறு, சாவை இழுத்துக்கொண்டே போகாமல் விடுவது வேறு என்றார். அதைக் கேட்டும் எனக்கு முழுசாக அடங்கவில்லை. அப்பா சொன்னதில்தான் கொஞ்சம் அடங்கியது. "பவுல் தன் உடம்புல இருந்த முள்ளை எடுத்துப் போடச் சொல்லி ஆண்டவர்கிட்ட மூணு தரம் கேட்டார். நான் மூவாயிரம் தரம் கேட்டிருப்பேன். ஆண்டவருக்குக் காது நல்லாவே கேட்கும். என் கிருபை உனக்குப்போதும்னு பவுலுக்குச் சொன்ன பதிலை எனக்கு மட்டும் மாத்துவாரா?"

இதை நீ போனில் கேட்டுத் திடுக்கிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீ வேண்டாம் என்று நினைத்தால் வந்து அப்பாவிடமே சொல். என்னிடம் சொல்லி என்னை நடுவில் நிறுத்தாதே. அவர் தோற்றுப்போய்ச் சொல்லவில்லை என்பது நேரில் பார்த்தால் உனக்கே தெரியும்.

பணிப்பெண் வைத்துக்கொள்ளச் சொன்னாய். அதற்காக அரசாங்கத்துக்குக் கட்டுகிற மாதத் தீர்வை 300 வெள்ளி நமக்கு 60 ஆகக் குறையுமாம், அக்கா விசாரித்துவிட்டாள். அப்பாவின் எல்டர்ஷீல்டு காப்புறுதிப் பணம் மாதம் 400 வெள்ளி வருகிறது. பார்ப்போம். இடுப்பு வலி வருவதால் நானும் இப்போது பிடிவாதம் பிடிப்பதில்லை.

ஜூலை விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. சாப்பாட்டு அறையில் மெத்தை போட்டுவிடுகிறேன், பெட்டிகளுக்கு நடுவில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். முதல் நாளே ஏசிபி பேச்சை எடுக்காதே, அவர் நோட்டைக் காட்டுவார், அதிலிருந்து தானாகவே அங்கே வருவார். போன தடவை மாதிரி பாதாம் பருப்பு வாங்கிவராதே. அதில் பாஸ்பரஸ் கூடுதல், அவருக்கு ஆகாது. போன தடவை வந்ததை அவர் ஒளித்துவைத்துத் தின்றார்.

அன்புடன்,
அம்மா