சிறுவர் பேஸ்போல் கழகப் பழம்பொருட்களைக் கெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் பழம்பொருள் சேகரிப்புப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரை முத்திரை, நாணயம், இசைத்தட்டு ஆகியவற்றோடு நின்றுவிட்டது. வட அமெரிக்கப் பேஸ்போல் அணிகள் சிறுவர்களுக்கென நடத்திய இரசிகர் கழகங்களின் அட்டை, பட்ஜ், கொடி முதலியவற்றைச் சேகரிப்பவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாத ஒரு பக்கத்தை எழுத விரும்புகிறேன்.

கிரிக்கெட்டே மூச்சாக இருக்கும் கொழும்பில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் வட அமெரிக்கப் பேஸ்போலின் சாம்பியன் போட்டியான உலகத் தொடரை அடுத்தடுத்து வென்றபோது, எண்பதுகளில் இங்கிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த நகரத்துப் பாடசாலைகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வளர்ந்து வீடு மாறும்போது ஒதுக்கிய இக்கழகப் பொருட்கள், உறவினர் அனுப்பும் பெட்டிகளில் உடுப்புகளுக்கும் சொக்லேட்டுகளுக்கும் இடையே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து சேருகின்றன. பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன.

இக்கழகங்களின் மரபு நீண்டது. 1917 இல் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பங்குகள் ஊர்மக்களுக்கு விற்கப்பட்டபோது, பங்கு வாங்குவோரின் பெயரில் வசதியற்ற சிறுவர்களுக்கு மைதானத்தில் இலவச இருக்கை வழங்கும் திட்டம் உருவானது. பலகை வேலியின் ஓட்டை வழியாக ஆட்டம் பார்த்த பையன்களை நினைத்து அதற்கு 'நொட்ஹோல் காங்' (ஓட்டைக் கூட்டம்) என்று பெயரிட்டார்கள். அந்த அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி பின்னர் நியூயோர்க்கின் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்குப் பொறுப்பேற்றார். அங்கே 1950 முதல் அதே பெயரில் சிறுவர்களுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நடந்தது. 1957 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அணி லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது, 1960 இல் புரூக்ளினில் அது ஆடிய எபெட்ஸ் பீல்ட் மைதானமும் இடிக்கப்பட்டது. ஆகவே அக்காலத்துப் புரூக்ளின் சிறுவன் ஒருவனின் அங்கத்துவ அட்டை, இன்று இல்லாத ஒரு மைதானத்துக்கு அவன் போய்வந்ததற்கான சான்று. நட்சத்திர வீரர் கையெழுத்திட்ட பந்தைவிட அதையே நான் மேலாக மதிப்பேன்.

கையெழுத்து என்றதும் ஓர் எச்சரிக்கை. அங்கத்தவர்களுக்கு அனுப்பப்பட்ட வீரர்களின் படங்களில் உள்ள கையெழுத்துகள் பல, படத்தோடு சேர்த்து அச்சிடப்பட்டவையே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும், பேனா அழுத்திய தடம் இராது. அசல் கையெழுத்தென்று விலை சொல்பவரிடம் அந்தக் கண்ணாடியை நீட்டுங்கள்.

பாதுகாப்பதாக நினைத்துக் கெடுப்பவர்களே அதிகம். பழைய பட்ஜ் என்பது தகரத்தின் மேல் அச்சிட்ட தாளை வைத்து செலுலொயிட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டால் மூடியது; ஈரத்துணியால் துடைத்தால் விளிம்பு வழியே நீர் புகுந்து தாள் கறைபடும், தகரம் துருப்பிடிக்கும். நமது கடற்காற்று அந்த வேலையை ஏற்கெனவே பாதி செய்துவிடுகிறது. அட்டையை லமினேற் செய்தால் பிறகு பிரிக்க வழியில்லை. மலிவான பீ.வீ.சி. உறையில் இட்டால் காலப்போக்கில் மை ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். எல்லாவற்றிலும் மோசமானது, அட்டையில் பிள்ளை தன் கையால் எழுதிய பெயரை 'அழுக்கு' என்று அழிப்பதும், ஒரே பிள்ளைக்கு ஒன்றாக வந்த அட்டை, கடிதம், பட்ஜ் ஆகியவற்றைப் பிரித்துத் தனித்தனியே விற்பதும். யாருடையது என்று தெரியாத அட்டை வெறும் அச்சுத்தாள்.

எனவே, இத்தகைய பெட்டியைத் திறக்கும் குடும்பங்கள், அது யாருடையது, எந்த நகரம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்க வேண்டுகிறேன். விற்பவர்களுக்கும் ஒன்று: அந்தச் சிறுவர்கள் பலர் இன்று நாற்பது வயதைக் கடந்து அதே ஊரில் வாழ்பவர்கள். இணையத்தில் படம் போடும்போது அட்டையிலுள்ள வீட்டு முகவரியை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு – 06.