நையாண்டி எழுதுகிறவருக்கு ஊர் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசியல் நையாண்டிப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளூர் சமாச்சாரங்களைக் குறைத்துக்கொண்டால்தான் இந்த மாதிரிப் படங்கள் மற்ற மாநிலங்களிலும் எடுபடும் என்கிறார் கட்டுரையாளர். டப்பிங் வியாபாரத்துக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். சிரிப்புக்கு உதவாது.

'அமைதிப்படை' (1994) படத்தின் வாக்கு எண்ணிக்கைக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். முன்னிலை நிலவரம் வர வர, நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சத்யராஜ் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறார், சாய்கிறார், பரவுகிறார். பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! தமிழ் தெரியாதவருக்கும் அது புரியும். ஆனால் அதை யோசித்தவருக்கு ஓட்டு எண்ணுகிற இடம் தெரிந்திருக்க வேண்டும். அப்போது வாக்குச்சீட்டுதான். கட்டுப் பிரித்து, அடுக்கி, சுற்றுச் சுற்றாக எண்ணி முடிப்பதற்குள் விடிந்துவிடும். நேற்று வரை கைகட்டி நின்ற ஆள் ஒரே ராத்திரியில் தலைவர் ஆவதைக் கிட்டத்தில் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்க மின்னணு இயந்திரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ராத்திரிகள் தெரியாது. அவர்களும் விழுந்து விழுந்து சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

ஆக, உள்ளூர் அறிவு முதலில் வேண்டியது எழுதுகிறவருக்கு. கட்டுரையாளர் பார்க்கிறவரைப் பற்றியே கவலைப்படுகிறார்.

இன்னொன்றையும் அவர் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். செய்தித் தலைப்பு வேறு, ஊர் நடப்பு வேறு. 2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டை மிதக்கவிட்டு, அது காற்றில் கரை ஒதுங்கியதே, அதற்கப்புறம் ஒரு பாத்திரம் 'தெர்மாகோல்' என்று சொன்னாலே போதும், தியேட்டர் கைதட்டியது. அது நையாண்டி இல்லை, ஞாபகப்படுத்தல். அதை நாளிதழ் படித்தே எழுதிவிடலாம்.

'மண்டேலா' அந்த வகை இல்லை. 2021 சட்டமன்ற வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தொலைக்காட்சியில் வந்த படம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே ஓட்டு சாதியாகவும் தெருவாகவும் பங்காளிச் சண்டையாகவும்தான் விழும். வடக்கு, தெற்கு என்று இரண்டுபட்ட ஊரில் கணக்கு சமமாக நிற்க, அதுவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுக்கு இரண்டு தரப்பும் வரிந்துகட்டிக்கொண்டு வருகின்றன. வடக்கு தெற்குக்குப் பதிலாக எந்தப் பெயர்களைப் போட்டுக்கொள்வது என்று நம் ஊர்க்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த அறிவுக்கு ஆயுசு குறைவு என்பது உண்மைதான். சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் நாடகம், 1971இல் படம். கட்சி தாவி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுப்பார் துக்ளக். மொழிச் சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குவார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்திருந்த ரசிகர்களுக்கு அது சுருக்கென்று ஏறியது. இன்றைய பேரனுக்குப் பாரசீகத்தைத் தாத்தாதான் விளக்க வேண்டும். துணைப் பிரதமர்களை விளக்கத் தேவை இருக்காது, அந்தத் தொழில் இன்னும் நன்றாகவே நடக்கிறது.

மற்ற மாநிலங்கள் என்று பேசியவர் மலையாளத்தின் 'சந்தேசம்' (1991) பக்கமே போகாதது ஆச்சரியம். எதிரெதிர்க் கட்சிகளில் இருக்கும் அண்ணனும் தம்பியும் வீட்டுக்குள் போலந்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். கேரளத்தின் கட்சி ஆபீஸ் பேச்சு அச்சு அசலாக இருக்கும். ஒரு வரியைக்கூட நமக்காக அவர்கள் மாற்றவில்லை. நம்மவர்கள் தேடிப்போய் சப்டைட்டிலோடு பார்க்கிறார்கள். அடுத்த கட்டுரையில் இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பொள்ளாச்சி