டேங்க் ஒரு நாள் வெளியே வந்தாக வேண்டும்: படகு கட்டும் ஓடாவிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓடாவி அண்ணன்மாருக்கும், டேங்க் அடிக்கும் வெல்டிங் பட்டறைத் தம்பிகளுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறேன். மரப்படகு. சுனாமிக்கு மறு ஆண்டு, 2005-இல் கட்டியது. அப்போது உங்களுக்கு இருந்த கிராக்கி உங்களுக்கே நினைவிருக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் படகு வேண்டும். "சீக்கிரம் முடிங்க, சீக்கிரம் முடிங்க" என்று நாங்களும் உங்கள் தலைமேல் நின்றோம். அதனால் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகும் குறையில் பாதி எங்களுடையது.

போன வருடம் என் படகின் டீசல் டேங்க் ஒழுகியது. ஒழுகியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இரும்பு டேங்க், இருபது வருடம் உழைத்தது, அதற்கு மேல் அதைக் கேட்க முடியாது. என் புகார் வேறு. அந்த டேங்கை வெளியே எடுக்க வழியே இல்லாமல் படகைக் கட்டியிருந்தீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் படகின் அடியில் ஊறி நிற்கும் தண்ணீரை இறைக்கும்போது மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம். என்ஜின் எண்ணெயாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஃபில்டர் அடிக்கடி அடைத்தது; கழற்றிப் பார்த்தால் கருப்பாக, வழவழவென்று ஒரு கசடு. ஒரு நாள் ஏலத்தில் வியாபாரி ஒருவர் மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். மீன் அறையின் தடுப்புப் பலகை வழியாக டீசல் ஊறியிருக்கிறது. அன்றைக்குத்தான் டேங்கில் குச்சி விட்டு அளந்து, இரண்டு நாள் படகைச் சும்மா நிறுத்தி, மறுபடி அளந்தேன். மூன்று விரற்கடை இறங்கியிருந்தது.

குளியல் சோப்பை வைத்துத் தேய்த்தோம். அது நம் ஊர் வைத்தியம், இரண்டு நாள் தாங்கும். எம்-சீல் வைத்தோம், ஒரு மாதம் தாங்கியது. ஒரு ஓட்டை தெரிந்தால் தெரியாதது பத்து இருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாகையில் இருக்கும் படகெல்லாம் அந்த 61 நாளுக்குள்தான் கரை ஏற வேண்டும். இருக்கும் ஓடாவிகள் அத்தனை படகுக்கும் ஓட வேண்டும். எனக்கு முறை வரும்போது மே பாதி போய்விட்டது.

டேங்க் இருந்தது என்ஜினுக்குப் பின்னால், மீன் அறைத் தடுப்பை ஒட்டி. இரண்டாயிரம் லிட்டர், ஒரே பெட்டி. மேலே தளம், தளத்தின் மேல் வலை இழுக்கும் விஞ்ச். முன்னால் என்ஜின். என்ஜின் அறை வாசல் ஒரு ஆள் குனிந்து இறங்கும் அளவு. படகு கட்டும்போது முதலில் டேங்கை வைத்துவிட்டு, அதன் மேல் தளத்தைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். கிட்டத்தட்டப் புதையல் மாதிரி.

கடைசியில் விஞ்ச்சைக் கழற்றினோம். தளப் பலகையைப் பெயர்த்தோம். குறுக்குச் சட்டம் இரண்டை அறுத்தோம். நல்ல மரம் அது, அறுக்கும்போது வயிறு எரிந்தது. வேலை முடிந்து கணக்குப் பார்த்தால், டேங்க் அடிக்க ஆனதைவிடத் தச்சு வேலைக்கும் கிரேனுக்கும் ஆனது பல மடங்கு. தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் கடலுக்குப் போன பிறகும் என் படகு கரையிலேயே பத்து நாள் கிடந்தது.

நடுவில் ஒன்று நடந்தது, அதை வெல்டிங் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். தளத்தைப் பெயர்ப்பதற்கு முன்னால் ஒருவர் வந்து, "எதுக்கண்ணே இவ்வளவு வேலை, உள்ளேயே ஒரு தகடு வைத்து ஒட்டிவிடுகிறேன், டீசல் காலிதானே" என்றார். எங்கள் பழைய டிரைவர் அவர் கையிலிருந்த ஹோல்டரைப் பிடுங்காத குறைதான். காலி டேங்கைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும், தம்பி. நிறைந்த டேங்கில் டீசல் இருக்கும். காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து இருக்கும். நம் நாட்டில் விற்கும் டீசலுக்குத் தர விதி கேட்பதே, 35 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி பற்றிக்கொள்ளக் கூடாது என்பதுதான். மே மாதத்து நாகையில் வெளியிலேயே 35 தாண்டும், மூடிய என்ஜின் அறையைச் சொல்லவே வேண்டாம். அதற்குமேல் வெல்டிங் சூடு பட்டால் தகட்டில் ஒட்டியிருக்கும் கசடே ஆவியாகும். நன்றாகக் கழுவி, நீராவி விட்டு, தண்ணீர் நிரப்பி என்று ஆயிரம் பக்குவம் இருக்கிறது. அதையெல்லாம் படகுக்குள் வைத்துச் செய்ய முடியாது. டேங்க் வெளியே வந்தால்தான் முடியும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: வழி வேண்டும்.

வெளியே வந்த டேங்கைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத் தகடுகள் இன்னும் பத்து வருடம் ஓடும். அடித்தகடு மட்டும் சல்லடை. அரிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. வெளிப்பக்கம், டேங்க் ஆடாமல் இருக்க அடியில் கோணியை மடித்து வைத்திருந்தீர்கள். கோணி உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருபது வருடம் ஈரமாகவே தகட்டோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. உள்பக்கம் தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கும். டீசல் இழுக்கும் குழாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கும், அதனால் அந்தத் தண்ணீர் வெளியே வரவே வராது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒரு நுண்ணுயிர் வளர்கிறது. ஃபில்டரில் நாங்கள் பார்த்த கருப்பு வழவழப்பு அதுதான். அது அமிலம் கக்கி இரும்பைத் தின்னும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், அதில் எங்கள் பங்கு பெரிது. தடைக்காலத்தில் காசை எதற்கு டீசலில் முடக்க வேண்டும் என்று டேங்கைக் கால்வாசியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பகலில் காய்ந்து இரவில் குளிரும்போது, காலியான மேல்பாகத்தில் இருக்கும் காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்து இறங்கும். 61 நாளும் இதுதான். நிரப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமாக வடித்துவிட வேண்டும். இன்னொரு பங்கு உங்களுடையது. காற்றுக் குழாயைத் தளத்துக்கு மேல் முழ உயரத்தில், வாயை மேலே பார்த்து விட்டிருந்தீர்கள். தளத்தில் அலை ஏறும்போதெல்லாம் டேங்க் ஒரு வாய் கடல்தண்ணீர் குடித்திருக்கும்.

இனி நான் கேட்பது என்ன என்று சொல்கிறேன்.

தளத்தில், டேங்க்குக்கு நேர் மேலே, டேங்க்கைவிட நான்கு விரல் அகலமாக ஒரு மூடி. சுற்றி விளிம்பு உயர்த்தி, ரப்பர் வைத்து, போல்ட் போட்டு முடுக்குங்கள். அந்தத் திறப்பைக் கடக்கும் குறுக்குச் சட்டம் தளத்தோடு சேர்ந்த சட்டமாக இருக்க வேண்டாம், போல்ட்டில் கழன்று வரட்டும். விஞ்ச் அதன் மேல் வேண்டாம். "மூடி போட்டால் தண்ணீர் இறங்கும், தளம் பலம் குறையும்" என்று சொல்வீர்கள். மீன் அறைக்கு இதே தளத்தில் மூடி போடுகிறீர்களே. தினமும் திறக்கும் அந்த மூடியைத் தண்ணீர் இறங்காமல் செய்யத் தெரிந்த உங்களுக்கு, இருபது வருடத்தில் ஒரு முறை திறக்கும் மூடி பெரிய வேலையா?

அதற்கு இடமே இல்லை என்றால், ஒரு பெரிய டேங்க்குப் பதில் மூன்று சிறியவை வையுங்கள். ஒவ்வொன்றும் என்ஜின் அறை வாசல் வழியாக நுழைய வேண்டும். என் படகில் இப்போது அப்படித்தான், அறுநூறு லிட்டரில் மூன்று. இருநூறு லிட்டர் குறைந்துவிட்டது என்று டிரைவர் முணுமுணுக்கிறார், அது உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு இருக்கிறது. ஒன்று ஒழுகினால் அதை மூடிவிட்டு மற்ற இரண்டில் கரை சேரலாம்.

அடியில் கோணி, ரப்பர் விரிப்பு எதுவும் வேண்டாம். ரீப்பர் போல வரிசையாகத் தாங்கு கட்டைகள் வைத்து, தகட்டுக்கு அடியில் காற்று ஓடவிடுங்கள். டீசலே ஆயிரம் லிட்டருக்கு எண்ணூற்று முப்பது கிலோ வரும், அலையில் அது முட்டும் முட்டு வேறு. ஆகவே உள்ளே தடுப்புத் தகடும் வெளியே இறுக்கமான பட்டையும் தவறக்கூடாது. அடியில் ஒரு மூலை தாழ்ந்திருக்கட்டும், அங்கே வடிகுழாய் ஒன்று. மேலே கை நுழையும் அளவுக்குத் திறப்பு. காற்றுக் குழாயை ஆள் உயரத்துக்கு ஏற்றி, வாத்துக் கழுத்து மாதிரி வளைத்து விடுங்கள்.

பட்டறைத் தம்பிகளே, கால்வனைஸ் தகட்டில் அடித்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். துத்தநாகமும் டீசலும் சேர்ந்தால் ஒரு கசடு வரும், அது ஃபில்டருக்கு எமன். சமையல் பாத்திரத்து 304 ஸ்டீலும் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும், போடுவதென்றால் 316. எனக்கு நான்கு எம்எம் சாதா இரும்பே போதும் என்று வெளிப்பக்கம் மட்டும் எபாக்சி அடித்தேன். அப்புறம், சோதனை போடும்போது கம்ப்ரசரை நேராகச் சொருகிவிடாதீர்கள். சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அழுத்தக் காற்றும் சோப்புத் தண்ணீரும் போதும். என் மூன்றில் முதல் டேங்க், கம்ப்ரசரை நேராகச் சொருகியதால்தான் பூரி மாதிரி உப்பி வீணானது.

வரும் தடைக்காலத்துக்குப் பிறகு என் அக்கா மகனுக்குப் படகு கட்டப் போகிறோம். ஏரா, அதாவது படகின் அடிமரம், வைக்கும் அன்றைக்கே நான் வருவேன். டேங்க் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டி, இது எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்பேன். "அது அப்போ பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு உரிமையாளர்,
நாகப்பட்டினம்.